யார் கை காட்டினாலும்

விடுதி, அறை எண் 14
ஜனவரி 9

அன்புள்ள வாயாடிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்தே வந்ததில் கால் வீங்கியதைத் தவிர உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் இருமல் எப்படி இருக்கிறது? அச்சகத்தில் அந்த ஈர மூலையில் உட்கார்ந்து பிழை திருத்தாதே என்று எத்தனை தடவைதான் சொல்வது.

விடுதி எப்படி என்றுதான் முதலில் கேட்பாய். கவுன்ட்டரில் இருந்த மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தனியாவா?" என்றார். "ஆமா" என்றேன். "கூட யாரும் வரலையா?" "வந்தா அது தனியா இல்லீங்களே" என்றேன். மனிதர் சாவியைத் தள்ளினார். சாவியோடு உள்ளங்கை அகல மரக்கட்டை ஒன்றைப் பிணைத்திருக்கிறார்கள், மறதியாக யாரும் எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாதாம்.

அறையில் ஜன்னல் உண்டு. திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர்; கையை நீட்டினால் தொட்டுவிடலாம். மின்விசிறிக்கு இரண்டே வேகம். ஒன்று நிற்பது, இன்னொன்று கட்டிலோடு தூக்கிக்கொண்டு போவது. மாடிக்கு ஒரே குளியலறை. காலையில் வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றதில் எல்லாரோடும் பழக்கமாகிவிட்டது. பதினைந்தாம் அறைக்காரர் செருப்புக் கம்பெனிக்காக ஊர் ஊராகப் போகிறவர். பெட்டி நிறைய மாதிரிச் செருப்பு, அத்தனையும் இடதுகால். ஜோடியாகக் கொடுத்தால் யாராவது போட்டுக்கொண்டு போய்விடுவார்கள் என்று கம்பெனி கொடுப்பதில்லையாம். விடுதியில் எல்லாரும் அவரை ஒற்றைச் செருப்பு என்றே கூப்பிடுகிறார்கள், அவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்க்கிறார்.

கிரேன் உரிமத் தேர்வு பதினான்காம் தேதி. மார்ச் முப்பத்தொன்றுக்குப் பிறகு உரிமம் இல்லாதவர் யாரும் கிரேனில் ஏறக் கூடாது என்று சூப்பர்வைசர் எங்கள் குழாய் யார்டு வாசலில் ஒட்டிய காகிதம் கண்ணிலேயே நிற்கிறது. ஆறு வருஷமாக நான் ஓட்டுகிற கிரேன். இது கைவிட்டுப் போனால் கேட்டில் உட்கார்ந்து லாரி எண் எழுதுகிற வேலைதான் எனக்கு.

உன் அண்ணன் ஏதாவது சொன்னாரா? பெட்டியைத் தூக்கி வந்து பஸ்ஸில் வைத்தார், இறங்கினார், நின்றார். யார்டில் கிரேனுக்குக் கீழே நின்று நாள் முழுக்க எனக்குக் கை காட்டுகிற மனுஷன், பஸ் கிளம்பும்போது ஒரு கை காட்டவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு, அவரையும் சாப்பிட வை.

உன் அண்ணி


வீடு
ஜனவரி 12

அன்புள்ள அண்ணிக்கு,

இருமல் போய்விட்டது, அது போன இடத்தில் தும்மல் வந்து உட்கார்ந்திருக்கிறது. மற்றபடி இங்கே எல்லாரும் சௌக்கியம். உங்கள் கால் வீக்கம் வடிந்ததா? வெந்நீரில் வையுங்கள். அந்த விடுதியில் வெந்நீர் என்ற பொருள் உண்டா?

சமையல் என் பொறுப்பு என்பதால் அண்ணன் இளைத்திருக்கிறார். யார்டில் நீங்கள் வரும்வரை பக்கத்துக் கிடங்கு ஓட்டுநர் வந்து கிரேன் ஓட்டுகிறாராம். அண்ணன் இடது பக்கம் கை காட்டினால் அவர் யோசித்துவிட்டுத் திருப்புகிறாராம். குழாய் அடுக்குகிறவர்கள் எல்லாம் உங்களைத்தான் கேட்கிறார்கள்.

அண்ணன் என்ன சொன்னார் என்று கேட்டீர்களே. சொன்னார் அண்ணி, நிறையச் சொன்னார். "அவ இல்லாம வீடு வீடாவே இல்ல. எங்க பாத்தாலும் அவ முகந்தான் தெரியுது. தைரியமா எழுதச் சொல்லு, என் மனசு முழுக்க அவகூடத்தான் இருக்கு" என்று அப்படியே சொன்னார். நான் ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

ஜெயித்து வாருங்கள்.

உங்கள் வாயாடி


விடுதி, அறை எண் 14
ஜனவரி 16

அன்புள்ள வாயாடிக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. மற்றது எதுவும் நன்றாக இல்லை. தோற்றுவிட்டேன்.

வாய்மொழிக் கேள்விகளுக்கெல்லாம் டாண் டாண் என்று பதில் சொன்னேன். பிறகு மேலே ஏறச் சொன்னார்கள். விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய பீப்பாய் ஒன்று. அதைத் தூக்கி, நட்டுவைத்த கம்பங்களுக்கு நடுவே கொண்டுபோய், அந்தக் கோடியில் சுண்ணாம்பால் போட்ட வட்டத்துக்குள் இறக்க வேண்டும். தண்ணீர் சிந்தக் கூடாது. அவர்களுடைய சிக்னல்மேன் கீழே நின்று கை காட்டினார். பாதித் தூரம் போய்விட்டேன், ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

அப்போது வேலிக்கு வெளியே யாரோ இரண்டு கையையும் விரித்து ஆட்டுவது தெரிந்தது. உடனே நிறுத்து என்பதற்கான கை அது. என் கை தானாக நிறுத்திவிட்டது. பீப்பாய் அந்தரத்தில் தொங்குகிறது, கீழே தேர்வு அதிகாரி கத்துகிறார். "யாரு நிறுத்தச் சொன்னது?" வேலிப் பக்கம் காட்டினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே ஒற்றைச் செருப்பு நிற்கிறார், வாயெல்லாம் பல். எனக்கு உற்சாகம் கொடுக்க வந்தாராம்.

மொத்த மைதானமும் சிரித்தது. "வேடிக்கை பாக்க வந்தவனுக்கெல்லாம் நிறுத்துவியாம்மா? நாளைக்குக் காக்கா சிறகடிச்சா?" என்று அதிகாரி கேட்டார். எங்கள் யார்டில் இதுதான் பழக்கம் என்றேன். "தன்னிச்சையாக நிறுத்தினார், தகுதி இல்லை" என்று எழுதிவிட்டார். ஒற்றைச் செருப்பு அன்று சாயங்காலம் என் அறை வாசலில் வந்து நின்று அழுதார். நான் அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதாயிற்று!

நாளை மறுநாள் கிளம்பலாம் என்று நினைக்கிறேன். உன் அண்ணனிடம் பக்குவமாகச் சொல்.

ஒன்று கேட்கட்டுமா? என் முகம் எங்கே பார்த்தாலும் தெரிகிறது என்று அவரா சொன்னார்? பக்கத்தில் இருக்கும்போதே அவருக்கு என் முகம் தெரிந்ததில்லையே.

தும்மலுக்கு ஆவி பிடி.

உன் அண்ணி


வீடு
ஜனவரி 18

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் இன்று காலையில் வந்தது, நீங்கள் பஸ் ஏறுவதற்குள் கிடைக்கட்டும் என்று முதலில் தந்தி அடித்துவிட்டு இதை எழுதுகிறேன். கிளம்பாதீர்கள் என்று தந்தி அடித்தது நான்தான். தும்மலைப் பற்றி இப்போது பேச நேரமில்லை.

நீங்கள் எழுதியதை அண்ணனுக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன். பக்குவம் எல்லாம் எனக்கு வராது. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து, "மறுபடி படி" என்றார். படித்தேன். "நிறுத்துனது சரி" என்றார். அவ்வளவுதான். எழுந்து போய் அலமாரியின் அடியிலிருந்து அட்டை பிய்ந்த கிரேன் தேர்வுக் கையேட்டை எடுத்து, பக்கம் தேடாமலே ஓர் இடத்தில் திறந்து, விரலை வைத்து என்னிடம் நீட்டினார். எழுத்து மாறாமல் எழுதுகிறேன், என் தொழில் அதுதானே:

"சுமை அந்தரத்தில் இருக்கையில், நிறுத்தும்படி யார் கை காட்டினாலும், அவர் எவராயினும், ஓட்டுநர் உடனே நிறுத்த வேண்டும். காரணத்தைப் பிறகு கேட்கலாம்."

அண்ணி, நீங்கள் பழக்கம் என்று சொன்னது சட்டம்! அந்த அதிகாரி தன் கையேட்டைத் தானே படிக்கவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்து இத்துடன் வைத்திருக்கிறேன். கிழித்ததும் அண்ணன்தான்.

அலுவலகத்துக்குப் போய் ஒரு கை பாருங்கள்.

உங்கள் வாயாடி


விடுதி, மொட்டைமாடி அறை
பிப்ரவரி 3

அன்புள்ள வாயாடிக்கு,

எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் அவரும் நலம்தானே.

முகவரி மாறியிருப்பதைப் பார். அறை பதினான்கில் இத்தனை நாள் தங்கினால் எனக்குக் கட்டுப்படியாகாது என்று மேனேஜரே புரிந்துகொண்டார். "மேல ஒரு ரூம் இருக்கு. ஆனா யாரும் தங்க மாட்டாங்க" என்று சங்கடமாகச் சொன்னார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஓர் அறை. தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தினால் வாடகை பாதி. சத்தத்தை வைத்தே எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், மேனேஜர் அசந்துபோய்விட்டார்.

யாரும் தங்காத அறை என்கிறார்கள், எனக்கு இது அரண்மனை. கிரேன் கேபின் உயரத்தில் இருக்கிறேன். கதவைத் திறந்தால் ஊர் முழுக்கக் கிரேன்கள். ஒவ்வொன்றையும் யார் ஓட்டுகிறார்கள், எப்படித் திருப்புகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே பல் துலக்குகிறேன். ஆற்றோரம் ஒருவர் வெடுக்கென்று இழுக்கிறார், அவருக்கு யார் உரிமம் கொடுத்தார்களோ.

மேல்முறையீடு கொடுத்துவிட்டேன். தேர்வு அலுவலக ஜன்னலில் இருந்த குமாஸ்தா தாளை வாங்கவே மாட்டேன் என்றார். "இதுவரைக்கும் யாரும் இப்படிக் குடுத்ததில்ல." "அப்ப நாந்தான் முதல்ல" என்று ஒரே பிடியாக நின்றேன். எனக்குப் பின்னால் வரிசை வாசல் தாண்டிப் போனதும் வாங்கிக்கொண்டார். இப்போது தினமும் காலையில் போய் அங்கே பெஞ்சில் உட்காருகிறேன், நாளைக்கு வா என்கிறார்கள். கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் கோப்பை மூடிவிடுவார்களாம். அதனால் ஊருக்கு வந்து திரும்புவது என்ற பேச்சே இல்லை.

இப்போது உண்மையைச் சொல். "நிறுத்துனது சரி" என்று அவர் நிஜமாகச் சொன்னாரா? இல்லை, இதுவும் நீ கட்டிவிட்டதா? அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் தினமும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். பொய்யாக இருந்தால் இப்போதே சொல்லிவிடு.

நேரத்துக்குத் தூங்கு.

உன் அண்ணி


வீடு
பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணிக்கு,

தொட்டிக்குப் பக்கத்தில் ஈரம் இருக்கும், போர்த்திக்கொண்டு படுங்கள். எனக்குச் சொன்ன புத்தி உங்களுக்கும்தான்.

"நிறுத்துனது சரி" சத்தியமாக அண்ணன் சொன்னது. நான் எழுதியிருந்தால் இன்னும் நாலு வரி சேர்த்திருப்பேன்.

முதல் கடிதத்தில் வந்தது எல்லாம் என் கைவேலை. ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் கிளம்பிப் போன நாளிலிருந்து அவர் உங்களைப் பற்றி ஒரு பேச்சுப் பேசவில்லை. தேர்வுக்கு முன்னால் அதை எப்படி எழுதுவேன்? கல்லுளிமங்கனைக் கட்டிக்கொண்டீர்கள், நடுவில் கிடந்து அல்லாடுவது நான்.

ஆனால் அவருக்கு உங்கள்மேல் கோபம் இல்லை அண்ணி. பயம். இதே தேர்வுக்கு மூன்று தடவை போய், மூன்று தடவையும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தவர். வேலை தெரியாமலா? மேஜைக்கு அந்தப் பக்கம் ஓர் அதிகாரி உட்கார்ந்துவிட்டால் அவர் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இனி அந்த ஊர்ப் பக்கமே போவதில்லை என்று கிரேனைவிட்டு இறங்கி வந்தார், நீங்கள் ஏறினீர்கள். நீங்களும் அவரைப் போலத் திரும்பி வந்தால் தாங்க மாட்டார். ஜெயித்து வந்தால் எந்த முகத்தோடு எதிரே நிற்பது என்று அதற்கும் பயம். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. ஒரே வீட்டில் வளர்ந்தவளுக்குச் சொல்லியா தெரிய வேண்டும்?

பொய் எழுதியதற்குத் திட்டி ஒரு கடிதம் போடுங்கள். பதில் வராமல் மட்டும் இருக்க வேண்டாம்.

உங்கள் வாயாடி


விடுதி, மொட்டைமாடி அறை
மார்ச் 4

அன்புள்ள வாயாடிக்கு,

மூன்று வாரமாகப் பதில் போடவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, உன்மேல் கோபமும் இல்லை. நான் தினமும் உட்காருகிற பெஞ்சில்தான் அவரும் மூன்று தடவை உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அவர் பக்கத்தில் அப்போது யாரும் இல்லை. வந்ததும், "என்ன ஆச்சு?" என்று கேட்டவள் நான். "ஒண்ணும் ஆகல" என்றார். அதற்குமேல் நான் கேட்கவும் இல்லை. அதை நினைத்து அழுதேன். அழுத பிறகு எழுத வெட்கமாக இருந்தது.

இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. நேற்றுக் கூப்பிட்டார்கள்! தலைமை அதிகாரி ஒரு பெண். நான் கொடுத்த பக்கத்தை இரண்டு தடவை படித்தார். தேர்வு அதிகாரியைப் பார்த்து, "இது நம்ம புத்தகந்தானே?" என்றார். அவர் தொண்டையைச் செருமினார். "அந்த ஆள் சும்மா கை ஆட்டினான் மேடம்." அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "சும்மா ஆட்டுறாருன்னு மேலேருந்து உங்களுக்குத் தெரிஞ்சுதா?" "தெரியாதுங்க. தெரியாததாலதான் நிறுத்தினேன்" என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டார். தகுதி இல்லை என்று எழுதியது ரத்து. மார்ச் இருபதில் மறுதேர்வு.

ஆனால் ஒரு முடிச்சு. அவர்களுடைய சிக்னல்மேன் என்னோடு வேலை செய்ய மாட்டேன் என்கிறார். வழியில் போகிறவனுக்கெல்லாம் நிற்கிறவளுக்குத் தன் கை எதற்கு என்கிறார். விதிப்படி என் ஆளை நானே கூட்டி வரலாமாம். யார்டில் சிக்னல்மேனாக வேலை பார்த்தவராக இருக்க வேண்டும். அப்படி யாரும் வராவிட்டால் அன்றோடு சரி, அடுத்த தேர்வு அடுத்த வருஷம். மார்ச் முப்பத்தொன்று அதற்குள் போய்விடும்.

எனக்கு யாரைத் தெரியும்? அவர் ஒருவரைத்தான். போய்க் கேள். அவர் என்ன சொல்கிறாரோ அதை எழுது. ஒன்றும் சொல்லாவிட்டால் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுது. இந்தத் தடவை நீ ஒரு எழுத்துக்கூடச் சேர்க்கக் கூடாது. உன்னைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

உடம்பு பத்திரம்.

உன் அண்ணி


வீடு
மார்ச் 9

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்தான்.

கேட்டேன். உங்கள் கடிதத்தை, நீங்கள் அழுதேன் என்று எழுதியது உட்பட, முழுக்கப் படித்தேன். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். இருட்டுவதற்குள் வந்தார். சாப்பிட்டார். படுத்துவிட்டார். மறுநாளும் கேட்டேன், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். பதில் இல்லை.

நீங்கள் சொன்னபடி ஒரு எழுத்தும் சேர்க்கவில்லை. சேர்க்காமல் ஒரு கடிதம் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

உங்கள் வாயாடி


விடுதி, மொட்டைமாடி அறை
மார்ச் 13

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். நீ உண்மையை எழுதியதற்கு நன்றி. இனி அவரைத் தொந்தரவு செய்யாதே. அந்த மைதானத்தில் அவர் நிற்க வேண்டும் என்று கேட்டதே கொஞ்சம் அதிகப்படிதான். வலிக்கிறது, இல்லை என்று சொன்னால் பொய்.

இங்கே ஒற்றைச் செருப்புக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. தன்னால் வந்த வினையைத் தானே தீர்ப்பேன் என்று கையேடு வாங்கி, தினமும் காலையில் மாடிக்கு வந்து எனக்குக் கை காட்டிப் பழகுகிறார். நேற்று அவர் காட்டியபடி நான் கிரேனை ஓட்டியிருந்தால் பீப்பாய் தேர்வு அதிகாரியின் மடியில் போய் உட்கார்ந்திருக்கும். "இதுக்கு உங்கள விட மாட்டாங்கண்ணா, யார்டு ஆளாத்தான் இருக்கணும்" என்றேன். "கேட்டுப் பாப்போம்மா, கேட்டா என்ன குறைஞ்சா போயிடும்?" என்கிறார். மேனேஜரும் வேலைக்காரப் பெண்களும் துணி காயப்போட வருகிற சாக்கில் சுற்றி நின்று சிரிக்கிறார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது.

எப்படியானாலும் இருபதாம் தேதி காலையில் மைதானத்தில் போய் நிற்பேன். ஆள் இல்லை என்று அவர்கள் வாயால் சொல்லட்டும், நானாகப் போகாமல் இருக்க மாட்டேன். மறுநாள் ஊருக்குப் பஸ்.

வந்ததும் உன் சமையலைச் சாப்பிட்டுப் பார்க்கிறேன். இதைவிடப் பெரிய தண்டனையா?

உன் அண்ணி


வீடு
மார்ச் 19

அண்ணி,

நலம் விசாரிக்க நேரமில்லை. சாயங்காலம் அச்சகத்திலிருந்து வந்தால் அண்ணனைக் காணோம். யார்டில் கேட்டேன், நாலு நாள் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறாராம், போன வாரமே. சூப்பர்வைசரிடம் சிக்னல்மேன் சான்றிதழும் வாங்கியிருக்கிறாராம். என்னிடம் மூச்சு விடவில்லை! ஆணியில் தொங்குகிற விசில் இல்லை. நல்ல சட்டை இல்லை.

எங்கே போகிறேன் என்று சொல்லவில்லை. அதனால் நானும் எழுதவில்லை. இந்தக் கடிதம் உங்களுக்கு முன்னால் வருமோ அவர் வருவாரோ தெரியாது.

வாயாடி


விடுதி, மொட்டைமாடி அறை
மார்ச் 21

என் அருமை வாயாடிக்கு,

எல்லாரும் நலம். எல்லாரும் என்றால் இரண்டு பேர்.

உன் கடிதம் இன்று காலையில்தான் வந்தது, அவர் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டார். நேற்றுக் காலை மைதானத்துக்குப் போனேன், ஒற்றைச் செருப்பு கூட வந்தார். தேர்வு அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "உங்க சிக்னல்மேன் எங்கம்மா?" என்றார். நான் வாயைத் திறக்கப் போனேன். அதிகாரிக்குப் பின்னால், வேலிக் கதவுப் பக்கத்தில், கசங்கின சட்டையோடு உன் அண்ணன் நிற்கிறார். ராத்திரி முழுக்க பஸ்ஸில் நின்றே வந்திருக்கிறார். என்னைப் பார்த்தார். சான்றிதழை மேஜைமேல் வைத்துவிட்டு, பீப்பாய் இருக்கும் இடத்துக்கு நடந்துபோய் நின்றுகொண்டார். எனக்குக் கால் தரையில் படவில்லை. ஏணியில் எப்படி ஏறினேன் என்று கேட்டால் தெரியாது.

மேலே உட்கார்ந்து கீழே பார்த்தேன். விரலை மேல்நோக்கிச் சுழற்றினார். தூக்கு. பத்து வாரம் கழித்து அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. வாயாடி, உன் அண்ணனுக்கு நாக்குத்தான் ஒட்டிக்கொள்ளும், கை ஒட்டாது. மெதுவாக வா, இன்னும் கொஞ்சம், இடது பக்கம், அவ்வளவுதான், அப்படித்தான் என்று அந்த இரண்டு கையும் பேசிக்கொண்டே இருந்தன. நான் கம்பங்களைப் பார்க்கவே இல்லை, அவர் கையைத்தான் பார்த்தேன்.

முக்கால் வழியில் ஆற்றுப் பக்கமிருந்து காற்றுக் கிளம்பியது. பீப்பாய் லேசாக ஆடியது. அவர் முஷ்டியை மூடினார். அப்படியே பிடி. பிடித்தேன். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். தேர்வு அதிகாரி அவர் பக்கத்தில் போய் ஏதோ சொல்வது தெரிந்தது. முஷ்டி அசையவில்லை. பிறகு ஒற்றைச் செருப்பு சொல்லித்தான் தெரியும். "நேரம் ஆகுதுய்யா" என்றாராம் அதிகாரி. அதற்கு உன் அண்ணன், தலையைக்கூடத் திருப்பாமல், "காத்து நிக்கட்டும் சார். அப்புறம் போவோம்" என்றாராம். ஓர் அதிகாரிக்கு அவர் பதில் சொல்லியிருக்கிறார்! நாக்கு ஒட்டவில்லை.

காற்று நின்றது. முஷ்டி திறந்தது. வட்டத்துக்குள் இறக்கினேன். தலைமை அதிகாரி தானே நடந்து வந்து, குனிந்து, பீப்பாயைச் சுற்றி மண்ணைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்த மண். "எழுதுங்க" என்று தேர்வு அதிகாரியைப் பார்த்துச் சொன்னார். அவர் எழுதினார், நான் கேபினிலிருந்தே பார்த்தேன்.

ஜெயித்துவிட்டேன்! இன்று பகல் உரிமத்தைக் கையில் கொடுத்தார்கள். என் படம் ஒட்டி, முத்திரை குத்தி இருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களிடமெல்லாம் காட்டினேன், குமாஸ்தாவிடம் இரண்டு தடவை காட்டினேன். விடுதியில் மேனேஜர் எனக்கு மாலை போடாத குறை. "தனியா வந்தவங்க" என்று எல்லாரிடமும் என்னைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்கிறார், நான்தான் தொட்டிச் சத்தத்தைக் கவனிக்க மறந்துவிட்டேன், மாடி முழுக்கத் தண்ணீர்.

உன் அண்ணன் இன்னும் என்னிடம் அதிகம் பேசவில்லை. தூங்குகிறார். உரிமத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறார். நான் கேட்டால் தர மாட்டேன் என்கிறார்.

திங்கட்கிழமை வந்துவிடுவோம். சூப்பர்வைசரிடம் சொல்லி வை, செவ்வாய்க்கிழமை காலை நான் ஏறுகிறேன்.

உன் அண்ணி


விடுதி
மார்ச் 22

தங்கச்சிக்கு,

நான் சுகம். உன் அண்ணி சுகம். நீ சுகமா?

உன் அண்ணி எழுதியிருப்பாள். காற்று அடித்தபோது பீப்பாயை அவள் பிடித்த பிடி, அந்த ஊரில் எந்த ஓட்டுநருக்கும் வராது. நான் மூன்று தடவை வந்து பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். எனக்கும் அது வராது.

இங்கே டீக்கடைக்காரரிடம் கிரேன் ஓட்டுகிறவள் என் மனைவி என்று சொன்னேன். விடுதி மேனேஜரிடம் சொன்னேன், அவருக்கு முன்னாலேயே தெரியுமாம், இருந்தாலும் சொன்னேன். பஸ் நிற்கும் இடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவரிடமும் சொன்னேன். அவர் பேப்பரை மடித்துவிட்டு முழுக்கக் கேட்டார்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

அண்ணன்